ஜெபக் குறிப்பு வெளியே போன விதம்

அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஜெபக் கூட்டம் நடக்கும். சபையைத் தெருவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் பகுதியில் எட்டுப் பேர். ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, அதன் பிறகு ஜெபக் குறிப்பு. ஆளாளுக்குத் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். மற்றவர்கள் அந்த வாரம் முழுக்க அதற்காக ஜெபிப்பார்கள். மகனின் விசா, மருமகனின் குடி, கையெழுத்துப் புரியாத ஸ்கேன் அறிக்கை, எல்லாம் அங்கே வரும். ஆயரிடம் சொல்லத் தயங்குவதைக்கூட அந்த ஹாலில் சொல்லிவிடுவார்கள். சொன்னது வாசலைத் தாண்டாது என்பது யாரும் எழுதிவைக்காத விதி.

நான் ஜெபத்தில் பெரிய ஆள் இல்லை. ஒரு தமிழ் நாளிதழில் செய்தியாளனாகவும் பிறகு செய்தி திருத்தும் மேசையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தில் டீ கொண்டு வந்து கொடுப்பது என் பங்கு. ஆனால் அந்த விதி எனக்குப் பழக்கமானது. “இது எழுதறதுக்கு இல்ல சார்” என்று எதிரில் இருப்பவர் சொன்னால் பேனாவை மூடிச் சட்டையில் செருகுகிற தொழிலிலிருந்து வந்தவன் நான்.

பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கி வந்தான். பேச்சுக்குப் பதில் சொல்லும் வகை. ஹால் அலமாரியில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. தன்னுடைய கணக்கிலேயே இரண்டையும் இணைத்துவிட்டு, பாட்டுப் போடவும் மாத்திரை நேரத்தை நினைவூட்டவும் அவன் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். தூசு படக் கூடாது என்று என் மனைவி ஹாலில் இருந்ததற்கு வெள்ளை நூலில் குரோஷா உறை பின்னிப் போட்டாள்.

அவள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். ஜெபக் குறிப்புகளை ஒரு நீள நோட்டில் கிழமைவாரியாக எழுதிவைப்பாள். திங்கள் நோயாளிகள், செவ்வாய் வேலை, புதன் குடும்பம். விரல் மூட்டுகளில் வாதம் வந்து பேனா பிடிக்க முடியாமல் போனபோது நோட்டைக் கருவிக்கு மாற்றினாள். யாராவது குறிப்புச் சொன்னதும் அலமாரிப் பக்கம் திரும்பி, பள்ளி ஆய்வாளர் வகுப்புக்குள் வந்தால் பேசுவாளே, அந்த ஆங்கிலத்தில், இன்னாருக்காக இன்ன கிழமை காலை ஐந்தரைக்கு நினைவூட்டு என்பாள். அது சரி என்று சொல்லும். காலையில் அது வாசிக்க, அவள் ஜெபிப்பாள்.

கூட்டத்தில் மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் உண்டு. வாய் சும்மா இருக்காது. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், மூட்டு வலின்னு ஆண்டவர்கிட்ட வருஷக் கணக்கா சொல்லிட்டிருக்கேன், அவர் இன்னும் யோசிக்கிறார். இது ஒரு தடவையில புரிஞ்சுக்குதே” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பேசியவர், பம்மலுக்கு வீடு மாறிய பிறகும் எங்கள் கூட்டத்துக்கே வரும் இளம் ஆசிரியை. ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடத் தகுதிகாண் காலத்தை முடிக்கப்போகிறார். பணி நிரந்தர உத்தரவு அடுத்த மாதம் வர வேண்டும். வழக்கமாக எல்லோருக்கும் பிறகு, ஒரே வரியில் குறிப்புச் சொல்பவர். அன்று முதலிலேயே பேசினார்.

“ஆண்ட்டி, மூணாவது தடவை உண்டாகியிருக்கேன். ரெண்டு மாசம். முன்னாடி ரெண்டும் மூணாம் மாசம் தாண்டல.”

அவரே தொடர்ந்தார்.

“ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் ஸ்கூலுக்குத் தெரியக் கூடாது. போன வருஷம் ஒரு மிஸ் லீவ் கேட்டாங்க. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் தெரியும். எங்க மாமியார்கிட்டகூட இன்னும் சொல்லல.”

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே அலமாரிப் பக்கம் திரும்பினாள். பெயர், இரண்டு மாதம், பள்ளி உத்தரவு, செவ்வாய்க்கிழமை. அது சரி என்றது. நான் டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குத் தவறாக எதுவும் படவில்லை. மற்றவர்கள் மேல் கோபப்படுவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து அவர் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார். செருப்பைக் கழற்றினார், உட்காரவில்லை. தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டுக் கை கொடுத்தாராம். “வாழ்த்துகள்மா. இந்த நேரத்துல உடம்பைக் கெடுத்துக்காதே. நல்லா ரெஸ்ட் எடு.” அதற்கு மறுநாள் கடிதம். மாணவர் சேர்க்கை குறைந்திருப்பதால் பணியை நிரந்தரமாக்க இயலவில்லை; கல்வியாண்டின் முடிவோடு ஒப்பந்தம் முடிகிறது. கர்ப்பம் என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. நான் வாங்கிப் படித்தேன். நன்றாக எழுதப்பட்ட கடிதம். வழக்குப் போட ஒரு வார்த்தைகூடக் கிடைக்காது.

“என் வீட்டுக்காரருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். அப்புறம் இந்த ரூம்ல இருக்கிறவங்க. யார் சொன்னீங்க?”

எல்லோருடைய கண்ணும் ரயில் ஓட்டியவர் பக்கம் போனது. யாரும் திட்டமிட்டுப் பார்க்கவில்லை. குரோம்பேட்டை ஸ்டேஷன் டீக்கடையிலிருந்து காலை நடை வரை நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பவர் அவர்தான்.

“என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க? எனக்கு வாய் பெருசுதான், ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு பொண்ணு வயித்துல இருக்கிறதை ரோட்ல நின்னு பேசுவேனா?”

“நீங்க வேணும்னு சொல்லியிருக்க மாட்டீங்க அங்கிள்,” என்றார் அந்த ஆசிரியை. “பேச்சுவாக்குல வந்திருக்கும்.”

அவர் வேதாகமத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் அவரைத்தான் நினைத்தேன். இரவு ஒரு தாளில் எங்கள் இருவரைத் தவிர எல்லோர் பெயரையும் எழுதி, யாருக்கு அந்தப் பள்ளியோடு தொடர்பு என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். அவர் பெயர் மட்டும் மிஞ்சியது. அவருக்கும் அந்தப் பள்ளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் அதை நான் அடிக்கவில்லை.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சிட்லபாக்கத்திலிருந்து சம்பந்தியம்மா, எங்கள் மருமகளின் தாய், போன் செய்தார். என் மனைவி விரல் வலிக்காகப் போனை மேசையில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டுத்தான் பேசுவாள். அதனால் நானும் கேட்டேன்.

“சம்பந்தி, அந்த டீச்சர் பொண்ணு எப்படி இருக்கா? நாங்க விடாம ஜெபிக்கிறோம்.”

“எந்தப் பொண்ணு?”

“செவ்வாய்க்கிழமை குறிப்புல வருமே, அதான். மாப்பிள்ளை வச்சுக் கொடுத்த ஸ்பீக்கர்ல தினம் அஞ்சரைக்கு நீங்க அனுப்பறது வந்துடுது. அதைக் கேட்டுத்தான் நானும் அவரும் முழங்கால் போடறோம். ரொம்ப நல்ல ஏற்பாடு. மூட்டு வலி அண்ணனுக்குத் தேவலையா?”

என் மனைவி அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் பேச்சு நிற்கவில்லை.

“புதன்கிழமை எங்க பொண்ணைப் பத்திக்கூட வருது. அவ கோபத்தைப் பத்தி. இருக்கட்டும், ஜெபம்தானே, நான் தப்பா எடுத்துக்கல. அந்த டீச்சர் பேரைக் கேட்டதும் நம்ம ஸ்கூல் பொண்ணாச்சேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஹெச்.எம். கிட்ட நானே சொன்னேன், பாவம், மூணு மாடி ஏற வைக்காதீங்க, கீழ் வகுப்பா பார்த்துப் போடுங்கன்னு.”

சம்பந்தியம்மா அந்தப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். அவருடைய ஹாலில் எங்கள் வீட்டு ஜெபக் குறிப்பு தினமும் காலையில் ஒலிக்கிறது என்பது தெரியாது. இரண்டு மாதமாக ஒலித்திருக்கிறது. எட்டு வீடுகளின் நோய், சண்டை, அவமானம் எல்லாம் கிழமை தவறாமல்.

மகனை வீடியோ அழைப்பில் பிடித்தேன்.

“அப்பா, அது ஃபேமிலி அக்கவுண்ட். பாட்டுச் சந்தா ஒண்ணுதான், அதனால அத்தை வீட்டு ஸ்பீக்கரையும் என் அக்கவுண்ட்லயே போட்டுட்டேன்.”

“நினைவூட்டல் எதுக்கு அங்க போச்சு?”

“அம்மா மாத்திரையை மறந்துடக் கூடாதுன்னு, எல்லா ஸ்பீக்கர்லயும் வர்ற மாதிரி வச்சிருந்தேன். அப்ப நம்ம வீட்டு ரெண்டு மட்டும்தான் இருந்தது. புதுசு வந்தப்ப அதுவும் சேர்ந்துடுச்சு போல.”

“நீ சேர்த்தியா?”

“இல்லப்பா. அதுவா சேர்ந்திருக்கும்.”

பேச்சுப் பதிவுகள் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். தன் போனைத் திருப்பிக் காட்டினான். நாளும் நேரமும் போட்ட வரிசை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாம் எங்கள் ஹால்.

“இதையெல்லாம் நீ கேப்பியா?”

“சே. யாருப்பா உட்கார்ந்து கேப்பாங்க?”

“கேக்க முடியுமா?”

தள்ளிக்கொண்டிருந்த விரலை எடுத்துவிட்டு, “முடியும்,” என்றான்.

அந்த வெள்ளிக்கிழமையைப் போடச் சொன்னேன். என் மனைவியின் ஆங்கிலம் வந்தது. பெயர், மாதம், பள்ளி. பின்னால் டீ டம்ளர்கள் தட்டில் உரசும் சத்தம், அது நான். கடைசியில், கொஞ்சம் தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக, அந்த ஆசிரியையின் குரல்: “ஆண்ட்டி, வெளில யாருக்கும் தெரிய வேணாம், ப்ளீஸ்.”

அந்தக் கருவி அவருடைய ரகசியத்தையும், அதை ரகசியமாக வைக்கச் சொன்ன வேண்டுகோளையும் ஒரே பதிவில் எடுத்து, பத்திரமாக வைத்திருந்தது.

“அழிச்சிடு,” என்றாள் என் மனைவி. “எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடு.” நானும் ஆமாம் என்றேன். நாங்கள் பார்க்கப் பார்க்க அழித்தான்.

கருவியை விற்ற நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் பேசினேன். ஓர் இளைஞர், மிக மரியாதையாகப் பேசினார். “செக் பண்ணிட்டேன் சார். டிவைஸ்ல எந்த ஃபால்ட்டும் இல்ல. நீங்க வச்ச செட்டிங்ஸ்படி சரியாத்தான் ஒர்க் ஆகியிருக்கு.”

“பதிவை அழிச்சுட்டோம். உங்ககிட்டயும் போயிருக்குமா?”

“இனிமே உங்க ஆப்ல காட்டாது சார்.”

“நான் அதைக் கேட்கல.”

“புரியுது சார். ஆப்ல காட்டாது சார்.”

இதே பதிலைப் பல அலுவலகங்களின் வரவேற்பறையில் கேட்டு எழுதியிருக்கிறேன். அவரைத் திட்டிப் பயனில்லை. எதிரே உள்ள தாளில் அவ்வளவுதான் இருக்கும். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். “மைக்கை நிறுத்தற பட்டன் மேலேயே இருக்கு சார். அழுத்தினா சிவப்பு லைட் வரும்,” என்றார். குரோஷா உறையைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. பூவேலைக்கு நேர் கீழே.

சரியாக வேலை செய்திருக்கிறது. என்னால் தாங்க முடியாமல் போனது அந்த வார்த்தைதான். பழுதாகியிருந்தால் விபத்து என்று மனதை ஆற்றிக்கொள்ளலாம். அம்மா மேல் அக்கறையாக மகன் ஒரு இடத்தில் அழுத்தினான். ஜெபத்தின் மேல் அக்கறையாக மனைவி பேசினாள். சம்பந்தியம்மா ஏற்பாட்டைப் பாராட்டினார். கருவி யார் பேச்சையும் தட்டவில்லை. சம்மதம் என்று மகன் அழுத்தியிருக்கிறான்; எங்களுக்கும் சேர்த்து அழுத்தியிருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆசிரியை எதை அழுத்தினார்? தெருக்கதவைத் தள்ளி, செருப்பை விட்டுவிட்டு, எங்களை நம்பி ஹாலில் உட்கார்ந்தார். ஒரு வீட்டில் இதை வாங்கி வைத்தால் அந்த வீட்டுக்கு வருகிறவர் எல்லோரும் சம்மதித்ததாக ஆகிவிடுகிறது. இதை ஒரு வரியாகக்கூட அந்தப் பெட்டியில் யாரும் அச்சடித்திருக்கவில்லை. உறவுக்காரர், பால்காரர், பாத்திரம் தேய்க்க வருகிறவர், டியூஷன் பிள்ளைகள் என்று யாரும் கணக்கில் இல்லை. பக்கத்து அறையில் ஒளிந்து நின்று ஒருவன் கேட்டிருந்தால் தெருவே கூடி அடித்திருக்கும். இதற்கு நாங்கள் உறை பின்னிப் போட்டோம்.

பம்மலுக்குப் போய் நேரில் சொல்வது என்று முடிவு செய்தோம். போனில் சொல்லிவிடலாமா என்று நான் ஒரு தடவை கேட்டேன். மனைவி புடவை மாற்றப் போனாள். பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினோம். எதிரில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே வந்தார். “இன்னாத்தச் சொல்ல சொல்றே? டெய்லி பேஜார் பண்ணிகினு கீறான். வூட்டுக்கே வரல நேத்து.” ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் அவர் இறங்கிப் போனார். அவர் முகம்கூட எனக்கு இப்போது நினைவில்லை.

ஆசிரியையின் வீடு மாடிப் போர்ஷன். கணவர் மறைமலைநகர் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட்டில் இருந்தார். என் மனைவி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையும் விடவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பியது, ஆங்கிலத்தில் சொன்னது, சம்பந்தியம்மா, தலைமையாசிரியை.

“அப்ப அந்த அங்கிள் சொல்லலையா?”

“இல்லம்மா.”

“நான் அவரை எல்லார் முன்னாடியும்…” என்று நிறுத்தினார். பிறகு, “என் குரல் அதுல இருந்துச்சா?”

“இருந்தது.”

“கேக்கணும்.”

“அழிச்சாச்சும்மா. எல்லாத்தையும் அழிச்சாச்சு.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னைக் கேக்காமலேவா?”

இந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

“எனக்கு அந்த லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே கமிட்டில இருக்கிறவங்க வீட்டுக்கு விஷயம் போயிடுச்சுன்னு காட்ட, அந்த ஒண்ணுதானே இருந்தது? சேர்க்கை குறைவுன்னு எழுதியிருக்காங்க. இனி நான் எதை வச்சுப் பேசறது?”

ஆவணத்தை முதலில் நகல் எடு, பிறகு வாயைத் திற என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் என்னுடையது. எங்கள் வெட்கத்தைத் துடைக்க அவருடைய சாட்சியைத் துடைத்திருக்கிறோம். அவருடைய குரல், அவருடைய உடம்பைப் பற்றிய செய்தி. அதைச் சேர்த்து வைக்கும்போதும் அவரிடம் யாரும் கேட்கவில்லை, அழிக்கும்போதும் கேட்கவில்லை.

நான் பேச ஆரம்பித்தேன். தொழிலாளர் அலுவலகம், வக்கீல், பத்திரிகையில் இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள். நிறையப் பேசினேன். ஒரு நல்ல செய்தியாக வரும் என்றுகூடச் சொன்னேன்.

“எழுதுங்க அங்கிள்,” என்றார். “மிச்சம் இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிடும்.”

நான் நிறுத்திக்கொண்டேன்.

புறப்படும்போது ஜெபித்துவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கம். மனைவி அவர் தோளில் கை வைத்து, “ஜெபிக்கட்டுமாம்மா?” என்றாள்.

“வேணாம் ஆண்ட்டி. மனசுக்குள்ள பண்ணுங்க.”

ரயில் ஓட்டியவர் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். கதவைப் பாதி திறந்து, “உங்க வீட்டு டப்பாவை எங்க வச்சுட்டு வந்தீங்க? பாக்கெட்ல இல்லியே?” என்றார். முழுவதையும் கேட்டார். என் மன்னிப்பை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார். வந்ததும் எங்கள் போன்களை எல்லாம் வாங்கிப் படுக்கையறைக் கட்டிலில் போட்டுக் கதவைச் சாத்தினார். டிவி ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தார். “இதுலயும் மைக் படம் போட்டிருக்கு பாருங்க சார்,” என்று அதையும் கொண்டுபோனார். டிவியின் பிளக்கைப் பிடுங்கினார். ஸ்பீக்கர்கள் இரண்டையும் மகன் கணக்கிலிருந்து நீக்கி, கழற்றி, அவனுக்கே அனுப்பிவிட்டோம். இப்போது மனைவி சொல்ல, நான் நோட்டில் எழுதுகிறேன். பெயர் எழுதுவதில்லை. மற்றவர்கள் இன்னும் குறிப்புச் சொல்கிறார்கள், முன்பைவிடச் சின்னதாக. உடம்புக்கு முடியவில்லை என்கிறார்கள்; என்ன உடம்புக்கு என்று சொல்வதில்லை.

சம்பந்தியம்மா எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. “நல்லது நினைச்சுச் சொன்னேன். என்னை என்னவோ ஒட்டுக்கேட்டவ மாதிரி பேசுறீங்க,” என்றார். குழுவில் அந்த உத்தரவைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மனைவி கெஞ்சினாள். அது நிர்வாக முடிவு, தான் தலையிட முடியாது என்றார். கீழ் வகுப்புப் போடச் சொல்லித் தலையிட முடிந்தவர்தான். அந்த ஆசிரியையின் ஒப்பந்தம் கல்வியாண்டோடு முடிந்தது. எங்கள் வீட்டுக்கு அவர் அதன் பிறகு வரவில்லை.

இதை எழுதியதும் முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் கழித்துத் தபாலில் திரும்பி வந்தது, விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவில் கோடுகளோடு. எந்த வகுப்பு எடுத்தார் என்பதை அடித்திருந்தார். மருத்துவர் சொன்னதாக நான் எழுதியிருந்த இரண்டு வரிகளை அடித்திருந்தார். கடைசியில் ஒரு பத்தி, அந்தக் கர்ப்பம் என்ன ஆயிற்று, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது பற்றி. அதன் குறுக்கே ஒரே கோடு. ஓரத்தில், “இது உங்களுக்குத் தெரியும், போதும்” என்று எழுதியிருந்தார்.

அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன்.